கடைக்காலில் குடியிருந்தது

மயிலாப்பூரில் பாறை கிடையாது. கடலோர மணலும் களியும் கலந்த தரை. பாறையைப் பார்க்க வேண்டுமென்றால் சைதாப்பேட்டைச் சின்னமலைக்கோ, அதையும் தாண்டிப் பரங்கிமலைக்கோதான் போக வேண்டும். ஆனால் சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த எங்கள் பூர்வீக வீட்டுக்கு அடியில் பாறை இருந்தது. கொள்ளுத்தாத்தா வீடு கட்டியபோது கடைக்காலுக்குப் பல்லாவரத்திலிருந்து வண்டி வண்டியாகக் கருங்கல் வந்து இறங்கியதாம். ஆயா தன் மாமியாரிடம் கேட்டு எங்களுக்குச் சொன்ன கதை அது. நீலம் பாய்ந்த கறுப்பு. வெயிலில் பார்த்தால் உள்ளே பொடிப்பொடியாக மினுக்கும். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளெல்லாம் இந்தக் கல்தான். புவியியல் படித்தவர்கள் சார்னோகைட் என்பார்கள்.

வீட்டின் முன்பக்கம் சுண்ணாம்புப் பூச்சு, திண்ணை, தேக்குத் தூண் என்று எல்லாம் லட்சணமாக இருக்கும். புழக்கடைக்கு வந்தால் அது வேறு வீடு. அங்கே கடைக்கால் தரைக்கு மேல் இரண்டடி உயரத்துக்குப் பூசாமல் நிற்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த காரை பல வருஷத்து மழையில் கரைந்துபோய், விரல் நுழைகிற இடுக்குகள் விழுந்திருந்தன. அதற்கு மேலே ஒல்லியான பழைய செங்கல். கிணற்றடி, துவைக்கிற கல், குளியலறை, அதன் தூம்பு, விறகு அடுக்கு. பகலெல்லாம் வெயிலை வாங்கிய கருங்கல், ராத்திரி சாப்பாடு முடிந்து கை வைத்தாலும் வெதுவெதுவென்று இருக்கும்.

வறண்ட பாறைக்காட்டில் ஒரு சின்னப் பாம்புக்கு என்ன வேண்டுமோ அத்தனையும் அந்தச் சுவரில் இருந்தன. பகலில் உடம்பைத் தட்டையாக்கி நுழைந்துகொள்ள இடுக்கு இருந்தது. இரவில் சூடு இருந்தது. ஏறிப் போகச் சொரசொரப்பு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பல்லி இருந்தது.

வெள்ளிக்கோல் வரையன். அந்தப் பெயரை நான் தெரிந்துகொண்டது வெகுகாலம் கழித்துத்தான். எங்கள் சந்தில் எல்லாரும் அதைக் கட்டுவிரியன் குட்டி என்றுதான் நினைத்தார்கள். கோடை முடிந்து முதல் மழை விழுந்த ராத்திரிகளில் யாராவது ஒரு வீட்டில் “பாம்பு, பாம்பு” என்று சத்தம் கேட்கும். நாலு வீட்டு ஆண்கள் கழியோடு ஓடுவார்கள். மறுநாள் காலையில் குப்பைத்தொட்டி ஓரத்தில் ஒன்றரை அடி நீளத்தில், சுண்டுவிரல் தடிமனில், வெள்ளை வரி போட்ட ஓர் உடம்பு கிடக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நின்று பார்த்துவிட்டுப் போவோம். தலை நசுங்கிப்போயிருக்கும் என்பதால், அதன் முகம் எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஆயா வெள்ளிக்கிழமை தவறாமல் முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்குப் போவார். அம்மன் கீற்றுக் கொட்டகையின் கீழ் இருக்கிற கோயில் அது. பின்னால் ஆலமரம், நாகர், புற்று. புற்றுக்குப் பால் ஊற்றி, மஞ்சள் குங்குமம் வைத்து, என்னையும் கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொல்வார். அதே ஆயா புழக்கடையில் வரி போட்ட உடம்பு ஒன்று நெளிந்தால் விறகுக்கட்டையைத் தூக்கிவிடுவார். இதில் முரண்பாடு இருப்பதாக எனக்கு அந்த வயதில் தோன்றவில்லை, இன்றும் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அவருடைய தங்கை மகன் ஒருவன், செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில், ராத்திரி தரையில் படுத்துத் தூங்கினவன், விடியற்காலையில் கண் இமையைத் தூக்க முடியவில்லை என்று எழுந்தான். வயிற்று வலி என்றான். பேச்சு குழறியது. மதியத்துக்குள் மூச்சு நின்றுவிட்டது. கடித்த இடம்கூட யாருக்கும் தெரியவில்லை. கட்டுவிரியன் கடி பெரும்பாலும் அப்படித்தான். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, தூக்கம்கூடக் கலையாமல் போகும். ஆயாவின் விறகுக்கட்டைக்குப் பின்னால் அந்தப் பையன் இருந்தான். எங்கள் வீட்டிலும் குழந்தைகள் எல்லாரும் பாயில் படுத்த காலம் அது.

அந்தக் கட்டையை முதன்முதலில் தடுத்தவர் சித்தப்பா. அவர் தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் விலங்கியல் படித்தவர். 1969-ல் ரோமுலஸ் விட்டேகர் என்கிற இளைஞர் சேலையூரில் ஒரு பாம்புப் பண்ணை தொடங்கினார். கல்லூரியிலிருந்து நடந்தே போகலாம். சித்தப்பா சாயங்காலம் அங்கே போய் நின்றுவிடுவார். பாம்பைப் பிடிக்கிற ஆசை அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. பார்க்கிற ஆசைதான். எந்தப் பாம்பையும் அவர் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம். புழக்கடையில் குளியலறைச் சுவரின் வெளிப்பக்கம் ஒரு மஞ்சள் குண்டு பல்பு எரியும். அதைச் சுற்றி ஈசல், அந்திப்பூச்சி, அவற்றுக்காகப் பல்லிகள். கை கழுவப் போன என்னைச் சித்தப்பா தோளைப் பிடித்து நிறுத்தினார். விரலால் காட்டினார். கருங்கல் முடிந்து செங்கல் தொடங்குகிற வரிசையில், ஓர் இடுக்கிலிருந்து தலை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தலை மட்டும்தான். மூக்கு தட்டையாக, முன்னுக்கு நீண்டு இருந்தது. கண் இரண்டும் பிதுங்கின கறுப்புக் கண். உள்ளே பாவை தெரியவில்லை, பல்பின் வெளிச்சம் மட்டும் அதில் புள்ளியாக விழுந்திருந்தது. மேலுதடு வெள்ளை. நாக்கு வந்து வந்து போனது.

பிறகு உடம்பு வந்தது. அது செங்கல்லில் ஏறிய விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொரு செங்கல்லின் விளிம்பிலும் வயிற்றைப் பொருத்தி, அங்கே பிடி கிடைத்த பிறகே அடுத்ததற்குத் தலையை நீட்டியது. வயிற்றுச் செதில்களின் இரண்டு ஓரமும் லேசாக மடிந்திருப்பதால்தான் அந்தப் பிடிமானம் என்று சித்தப்பா பின்னால் சொன்னார். பல்பைப் பார்த்து நின்ற ஒரு பல்லிக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் வந்து அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று சொல்லத் தெரியவில்லை. எனக்குக் கால் மரத்துப்போயிற்று. பல்லி ஓர் ஈசலுக்காகத் திரும்பிய நேரத்தில் அதன் நடு உடம்பு பாம்பின் வாயில் இருந்தது. இரண்டும் சேர்ந்து துவைக்கிற கல்லின் மேல் விழுந்தன. பல்லியின் வால் தனியாக அறுந்து துள்ளிக்கொண்டிருந்தது. பாம்பு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடம்பை இரண்டு சுற்றுச் சுற்றிப் பல்லியை இறுக்கிக்கொண்டு, வாயை மெல்ல மெல்ல நகர்த்தித் தலைப்பக்கம் கொண்டுபோனது.

சத்தம் கேட்டு ஆயா வந்துவிட்டார். கையில் கட்டை.

“டேய், தள்ளுடா. குழந்தைய உள்ள அனுப்பு. கட்டுவிரியன்டா அது.”

“இரும்மா. கழுத்தப் பாரு. கழுத்துலயே வெள்ளப் பட்டை இருக்கு பாரு.”

“கழுத்துல இருந்தா என்ன, வால்ல இருந்தா என்ன?”

“அதாம்மா விஷயமே. கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் வரி இருக்காது. இருந்தாலும் மங்கலா இருக்கும். வாலுக்குப் போகப் போகத்தான் தெளிவா தெரியும். இதுக்குக் கழுத்துல தொடங்கி வாலுக்குப் போகப் போக மறைஞ்சுடும். பாரு, வால் வெறும் பழுப்பா இருக்குது.”

ஆயா குனிந்து பார்த்தார். கட்டையை இறக்கவில்லை, ஆனால் பார்த்தார். பாம்பு பல்லியின் தலையை விழுங்கி முடித்திருந்தது. ஆயா கேட்ட அடுத்த கேள்வி பாம்பைப் பற்றியதே இல்லை.

“பல்லியையா தின்னுது? பாவம்டா. காஞ்சிபுரத்துல போயி தொட்டுக் கும்பிட்டுட்டு வர்றோம்.”

வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வந்தால் பல்லி விழுந்த தோஷம் போகும் என்பது எங்கள் ஊர்ப்பக்கத்து நம்பிக்கை. பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் என்று ஒரு பக்கம் உண்டு. ஆயாவுக்கு அது மனப்பாடம். பல்லிக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டே அவர் நின்ற நேரத்தில், பாம்பு பல்லியை முழுசாக விழுங்கிவிட்டு, வீங்கின வயிற்றோடு தூம்போரம் ஊர்ந்து கல்லிடுக்குக்குள் போய்விட்டது. அன்றைக்கு அடி விழவில்லை.

சித்தப்பா சொன்ன அடையாளங்களை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். வெள்ளிக்கோல் வரையனின் நிறம் பழுப்பு. அதன் மேல் வரிகள் வெள்ளையாகவோ மங்கின மஞ்சளாகவோ அகலமாக இருக்கும், விலாப்பக்கம் வரும்போது விரிந்து பிரியும். தலைக்கு நேர் பின்னாலேயே முதல் பட்டை. தலை தட்டை, கழுத்தைவிட அகலம். கட்டுவிரியன் பளபளக்கும் கருநீலம். வரிகள் மெல்லிசு, பெரும்பாலும் ஜோடி ஜோடியாக இருக்கும். தலைக்கும் கழுத்துக்கும் வித்தியாசமே தெரியாது. முதுகின் நடுவில் ஒரு வரிசைச் செதில் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, அறுகோணமாக ஓடும். வளர்ந்தது மூன்றடிக்கும் மேல் போகும். இவ்வளவையும் எட்டடி தள்ளி நின்று டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பது அவர் விதி. கடைசி வரியைத்தான் அவர் அழுத்திச் சொல்வார்: சந்தேகம் இருந்தால் அது கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள், பக்கத்தில் போகாதே, அடிக்கவும் போகாதே. வரி மங்கின வெள்ளிக்கோல் வரையனும் உண்டு, வரி இல்லாத கட்டுவிரியனும் உண்டு. பாம்பை அடிக்கப் போய்க் கடி வாங்குகிறவர்கள் எத்தனையோ பேர்.

அந்த வருஷக் கோடை விடுமுறையில் எங்களையெல்லாம் கிண்டிக்கு அழைத்துப்போனார். சேலையூர்ப் பண்ணை 1972-லேயே கிண்டிக்கு, குழந்தைகள் பூங்காவுக்குப் பக்கத்தில் இடம் மாறியிருந்தது. வெளியே மான்கள் திரிகிற காடு. ராஜ்பவனோடு சேர்ந்திருந்த பழைய வேட்டைக்காடு அது. 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லாத அந்தப் புதர்க்காடும், அதை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகமும், ஆற்றங்கரையில் அடையாறு பிரம்மஞான சபைத் தோப்பும்தான் தென்சென்னையில் பாம்புகளுக்கு மிச்சமிருக்கிற பெரிய இடங்கள்.

கூட்டமெல்லாம் நல்லபாம்புக் குழியையும் மலைப்பாம்பையும் சுற்றி நின்றது. சித்தப்பா எங்களை ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நிறுத்தினார். உள்ளே மணல், உடைந்த ஓடு. வேறொன்றும் தெரியவில்லை. அங்கே வேலை பார்த்தவர்களில் இருளர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களில் ஒரு பெரியவரிடம் சித்தப்பா ஏதோ சொல்ல, அவர் வந்து பெட்டியைத் திறந்து ஓட்டைத் தூக்கினார். அடியில் வெள்ளிக்கோல் வரையன். வெளிச்சம் பட்டதும் உடம்பைச் சுருட்டித் தலையை உள்ளே ஒளித்துக்கொண்டது.

“விஷம் இல்ல பாப்பா. ஆனா கோவம் ஜாஸ்தி. புடிச்சா கடிச்சுப்புடும்” என்றார். மேல்தாடையின் முன்பக்கத்தில் மற்றப் பற்களைவிட நீளமான பற்கள் இதற்கு உண்டு. அரணையின் வழுவழுப்பான கெட்டிச் செதில் நழுவாமல் பிடிக்க அவை வேண்டும். அந்தப் பற்களைப் பார்த்துத்தான் விஷப்பல் என்று பலர் பயப்படுகிறார்கள். காட்டில் எலி வளை வெட்டும்போது இது வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “இன்னாத்துக்கு ஆவும் இது? நவுத்தி வுட்டுட்டு மண்ணத் தள்ளி மூடிட்டுப் போவோம்” என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எங்கள் சந்தில் நாலு வீட்டு ஆண்கள் கழியோடு ஓடிவந்த ஒரு பிராணியை, வாழ்நாள் முழுக்கப் பாம்போடு இருந்த ஒருவர் நகர்த்தி விட்டுவிட்டுப் போகிறார் என்பது என்னை என்னவோ செய்தது.

அந்த மனிதர்களுக்கும் அது கஷ்டமான காலம். அதுவரை பாம்புத்தோல் வியாபாரம்தான் அவர்கள் பிழைப்பு. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1976-ல் தோல் ஏற்றுமதிக்குத் தடையும் வந்ததும் அது நின்றுபோனது. 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, மகாபலிபுரம் போகிற வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் இயங்கத் தொடங்கியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, மண்பானையில் வைத்து, விஷம் எடுத்து, திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்குப் பெரும்பங்கு விஷம் அங்கிருந்துதான் போகிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ அறிவித்த செய்தியைப் படித்தபோது, ஓட்டைத் தூக்கிக் காட்டிய அந்தப் பெரியவரை நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பாவுக்கு ஆதர்சம் இன்னொருவர், பாட்ரிக் ரஸ்ஸல். கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்த மருத்துவர். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி அவர் எழுதி, கையால் வண்ணம் தீட்டிய படங்களோடு வெளியான புத்தகத்தின் வருஷம் 1796. எது விஷமுள்ளது, எது விஷமில்லாதது என்று சாதாரண ஆள் பார்த்துச் சொல்ல ஒரு வழி வேண்டும் என்பதுதான் அவருடைய தேடல். இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்தத் தேடல் இன்னும் நம் வீட்டுப் புழக்கடைக்கு வந்து சேரவில்லை என்பது சித்தப்பாவின் ஆற்றாமை. அந்த ஆற்றாமை எனக்கும் ஒட்டிக்கொண்டது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். விட்டேகரும் அந்த ஆய்வில் இருந்தார். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஆயாவின் பயம் வெறும் பயமில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். கடிபட்டால் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, மந்திரிக்க ஓடக் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல் நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பயப்பட வேண்டிய பாம்பு எது என்று தெரிந்தவர்தான் சரியான நேரத்தில் சரியான அளவு பயப்பட முடியும்.

விஷமில்லாத பாம்பைச் ‘சாது’ என்பதானாலும் இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கோல் வரையனின் நெருங்கிய சொந்தம் ஒன்று, தென்கிழக்கு ஆசியப் பாம்பு, 1980-களில் சரக்கோடு சரக்காக ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவில் போய் இறங்கியது. மனிதருக்கு அங்கேயும் அது ஒரு தீங்கும் செய்யவில்லை. ஆனால் இப்படி ஒரு பாம்பைப் பார்த்தே இராத அந்தத் தீவின் பல்லிகளும் அரணைகளும் சில பத்தாண்டுகளில் பெரும்பாலும் காணாமல் போயின. அந்தத் தீவுக்கே உரிய காட்டு அரணையில் கடைசியாக மிஞ்சிய ஒன்று 2014-ல் கூண்டில் இறந்தது. இந்த அழிவுக்குப் பாம்பின் பங்கு பெரிது என்கிறார்கள். நம் ஊர்ப் பல்லிக்கும் நம் ஊர்ப் பாம்புக்கும் அப்படி இல்லை. யுகயுகமாக ஒன்றை ஒன்று அறிந்தவை. எங்கள் புழக்கடைச் சுவரில் பாம்பும் குறையவில்லை, பல்லியும் குறையவில்லை.

குறைந்தது சுவர்தான். 1990-களின் கடைசியில் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து வீட்டை பில்டரிடம் கொடுத்துவிட்டார்கள். ஆயா அப்போது இல்லை. இடிக்கிற அன்றைக்கு நானும் சித்தப்பாவும் போயிருந்தோம். தேக்கு உத்தரம் ஒரு பக்கம், கதவு நிலை ஒரு பக்கம் என்று பழைய மரக்கடைக்காரர் அடுக்கிக்கொண்டிருந்தார். புழக்கடையில் கடப்பாரையால் கல்லை நெம்பியபோது ஒரு கொத்தனார் குரல் கொடுத்தார். இரண்டு கல்லுக்கு நடுவே, பொடிந்த காரையில், வெள்ளை முட்டைகள். பல்லி முட்டை உருண்டையாக, ஓடு கெட்டியாக இருக்கும். இவை நீளவாட்டமாக, தோல்போல மெத்தென்று இருந்தன. ஒன்றோடொன்று லேசாக ஒட்டிக்கொண்டிருந்தன. சித்தப்பா அவற்றைப் புரட்டாமல், கிடந்த வாக்கிலேயே அந்தக் காரைப்பொடியோடு ஒரு மண்சட்டியில் வைத்து, ஈரத்துணி போட்டு மூடி, மந்தைவெளியில் தன் வாடகை வீட்டுக்கு எடுத்துப்போனார். சித்தி ஒன்றும் சொல்லவில்லை. சட்டியைச் சமையலறையில் மட்டும் வைக்காதீர்கள் என்றாராம்.

சில முட்டைகள் சுருங்கிக் கெட்டுப்போயின. மீதியில் ஓடு கீறித் தலைகள் வந்தன. சித்தப்பா போன் செய்து கூப்பிட்டார். ஒரு சாண்கூட இல்லாத குட்டிகள். வளர்ந்ததைவிடக் குட்டியில் நிறம் இன்னும் பளிச்சென்று இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கறுப்புக்குப் பக்கத்திலான உடம்பு, அதில் சுண்ணாம்பு வெள்ளையில் பட்டைகள். ஒவ்வொன்றுக்கும் கழுத்தில் முதல் பட்டை இருந்தது. சித்தப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பட்டையைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார். மறுநாள் காலையில் சட்டியோடு கிண்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். கடைக்கால் கல்லையெல்லாம் லாரியில் ஏற்றி எங்கேயோ வேறு கடைக்காலுக்கு விற்றுவிட்டார்கள்.

நான் வாழ்க்கைப்பட்டது தியாகராய நகரில். 1920-களில் ஏரியைத் தூர்த்து எழுப்பிய பேட்டை அது. நடேசன் பூங்காவுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவரை, கட்டட வேலைக்கு இறக்கிய செங்கல் அடுக்கில் ஓரிரு முறை இந்தப் பாம்பைப் பார்த்ததோடு சரி. பிறகு அடையாறு காந்தி நகருக்கு வந்தோம். ஆறு இரண்டு தெரு தள்ளி ஓடுகிறது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரோடு ஆறு கரையை மீறியபோது, கீழ்த்தளத்தில் மார்பளவு தண்ணீர். எல்லாரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். மனிதர்கள் ஏறின அதே படியில் மற்றவையும் ஏறின. மரவட்டை, தவளை, ஒரு சாரைப்பாம்புக் குட்டி, கைப்பிடிச் சுவரின் விளிம்பில் நனைந்துபோன ஒரு வெள்ளிக்கோல் வரையன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் என்னால் கழுத்தைத் தெளிவாகப் பார்க்க முடியவில்லை. அதனால் சித்தப்பாவின் விதிப்படி குழந்தைகளை மேல்தளத்துக்கு அனுப்பிவிட்டு, அந்தப் படியை அதற்கே விட்டுவிட்டோம். விடிந்தபின் பார்த்தேன். கழுத்தில் பட்டை இருந்தது. வெயில் வந்ததும் சுவர் வெடிப்புக்குள் போய்விட்டது.

எங்கள் அடுக்ககத்தின் பின்பக்க மதில் பழையது. முன்பு அந்த மனையில் இருந்த தனிவீட்டுக்குக் கட்டியது, அடிப்பாகம் கருங்கல். போன வருஷம் ஜூலையில் ஒரு ராத்திரி காவலாளி இண்டர்காமில் கூப்பிட்டார். ஜெனரேட்டர் அறை வாசலில் பாம்பு. இரண்டு பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு நிற்கிறார்கள். நான் டார்ச்சோடு போனேன். தள்ளி நின்று பையன்களுக்குக் கழுத்தைக் காட்டினேன், வாலைக் காட்டினேன், செல்போனில் கட்டுவிரியன் படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மட்டை கீழே இறங்கியது. காவலாளி செஞ்சிப் பக்கத்துக்காரர், இளவயதில் கல் உடைக்கிற வேலை பார்த்தவர். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “இதுவாம்மா? எங்க ஊரு பாறையில பலகக்கல்லத் தூக்குனா அடியில இருக்குமே. நாங்க கல்லத் திரும்ப வெச்சுட்டுப் போயிடுவோம்” என்றார். நீளத் துடைப்பத்தால் நகர்த்தி மதில் பக்கம் போக வழி விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டம். பின்பக்க மதிலின் இடுக்குகளையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்துப் பூசிவிட வேண்டும் என்று ஒருவர் எழுந்தார். நியாயமான பேச்சுதான், வீட்டில் கைக்குழந்தை வைத்திருப்பவர். நான் படங்களை எடுத்துப்போயிருந்தேன். மதிலை அடைத்தால் இந்தப் பாம்பு படிக்கட்டுப் பக்கம்தான் வரும், வீட்டுக்குள் வராமல் இருக்க அடைக்க வேண்டிய இடம் வேறு என்றேன். இரண்டு மணி நேரம் பேசினோம். கடைசியில் மதிலைத் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. தரைத்தள வீடுகளின் கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை, குளியலறைத் தூம்புகளுக்குக் கம்பி வலை, ஜெனரேட்டர் அறைப் பக்கம் குவிந்திருந்த பழைய டைல்ஸையும் அட்டைப்பெட்டிகளையும் அப்புறப்படுத்துவது, காவலாளி மேஜையில் கிண்டி வனத்துறை அலுவலகத் தொலைபேசி எண், இரண்டு பாம்பின் படமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லேமினேட் செய்த ஓர் அட்டை. அட்டைக்கான வாசகத்தை நான்தான் எழுதினேன். முதல் வரி, ‘எட்டடி தள்ளி நிற்கவும்’. இரண்டாவது வரி, ‘கழுத்தைப் பார்க்கவும்’.